'கோர்டன் பென்னட்!': லண்டன்காரர் திகைத்தால் கூப்பிடும் அந்த ஆள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கோர்டன் பென்னட்' என்றால் என்ன? எப்போது சொல்வார்கள்?

அது ஒரு ஆணின் பெயர். ஆனால் சொல்பவர் யாரையும் கூப்பிடவில்லை. லண்டனில் வயதான ஒருவர் கேஸ் பில்லைப் பிரித்துத் தொகையைப் பார்க்கிறார், "கோர்டன் பென்னட்!" என்கிறார். பேரன் கார் ஓட்டிப் பழகும்போது பின்னாலிருந்த சுவரில் இடித்துவிட்டான், அதற்கும் "கோர்டன் பென்னட்!" தான். வெறும் வியப்பு மட்டும் இல்லை, 'இது வேறயா' என்ற சலிப்பும் அதில் கலந்திருக்கும். தமிழில் இதற்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுவது 'அட ராமா'. 'ஐயோ' அவ்வளவு பொருந்தாது, அதில் வலி கூடுதல்.

எழுத்தில் கோர்டன் என்றாலும் தென் இங்கிலாந்தில் ரகரம் காதில் விழாது. 'கோ...டன் பெனிட்' என்று முதல் அசையை இழுத்துவிட்டுச் சொல்வார்கள். அந்த இழுப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது தேவைப்படும்.

இதில் சர்ச்சை எங்கே வந்தது?

ஒரு பெயரைக் கேட்டால் 'யார் அந்த ஆள்?' என்று கேட்காமல் இருக்க முடியாது. இந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள் மூன்று பேர்: ஒரு நியூயார்க் பத்திரிகை அதிபர், அவருடைய மகன், ஓர் ஆஸ்திரேலியத் தளபதி. மூவருக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு. நான்காவதாக ஒரு கட்சியும் இருக்கிறது: ஆளே கிடையாது, வாய்வரை வந்துவிட்ட 'கடவுளே'யை மறைக்க அவசரத்துக்கு இழுத்த திரைதான் இந்தப் பெயர் என்பது அவர்கள் வாதம்.

நான் நான்காவது கட்சி. ஆனால் மகன் பென்னட்டை முழுசாகக் கைவிட மனம் வரவில்லை.

கடவுள் பெயரைச் சொன்னால் என்ன தப்பு? அதை ஏன் மறைக்க வேண்டும்?

நமக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் ஆகும். கால் இடறினால் 'முருகா', கொட்டாவி விட்டால் 'சிவசிவா' என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர் வைப்பதே, கூப்பிடும் சாக்கிலாவது நாமம் வாயில் வரட்டும் என்றுதான். மகனைக் கூப்பிட்டே கரையேறிய அஜாமிளன் கதை நமக்குச் சாதாரணம்.

கிறித்தவ இங்கிலாந்தில் கணக்கு நேர் தலைகீழ். பத்துக் கட்டளைகளில் ஒன்று, 'உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக' என்கிறது. எரிச்சலிலும் வியப்பிலும் அந்தப் பெயரைச் சொல்வது வீணாக வழங்குவதில் சேரும். பாவக் கணக்கு மட்டுமல்ல, காசுக் கணக்கும் இருந்தது. 1606-இல் வந்த சட்டத்தின்படி நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் 1622 பதிப்பையும் 1623 பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாவதில் இருக்கும், கடவுள் மேல் ஆணையிடும் பல வார்த்தைகள் இரண்டாவதில் காணாமல் போயிருக்கும்.

மேடைக்கு வெளியிலும் விடவில்லை. 1745 சட்டம் அபராதத்தை ஆள் தரம் பார்த்துப் பிரித்தது. கூலியாள், சிப்பாய், மாலுமி வாயைத் திறந்தால் 1 ஷில்லிங். கனவான் என்ற தகுதி இல்லாத மற்றவர்களுக்கு 2 ஷில்லிங். கனவானுக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் 5 ஷில்லிங். வசதியுள்ளவர் வசவுக்குக் கூடுதல் விலை! யாரும் எடுத்துப் பார்க்காத மூலையில் கிடந்த அந்தச் சட்டம் 1967-இல்தான் நீக்கப்பட்டது.

அப்படியானால் மக்கள் என்ன செய்தார்கள்? திட்டுவதை நிறுத்திவிட்டார்களா?

வாய் சும்மா இருக்குமா? பாதி வழியில் வண்டியைத் திருப்பினார்கள். 'கிறைஸ்ட்' என்று ஆரம்பித்து 'கிரைக்கி' என்று முடித்தார்கள். 'காட்' என்று ஆரம்பித்து 'காஷ்', 'கோலி' என்று போனார்கள். 'கடவுளின் காயங்கள் மேல் ஆணை' என்ற பழைய சத்தியம் சுருங்கி 'ஸவுண்ட்ஸ்' ஆனது. 'கடவுளின் உண்மை' தேய்ந்து 'ஸ்ட்ரூத்' ஆனது. 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்பது லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்கள் வாயில் 'கோர்ப்ளைமி' ஆகி, அதிலும் தலை போய் வெறும் 'ப்ளைமி' ஆனது. 1880களின் இறுதியிலேயே 'ப்ளைமி' அச்சில் ஏறிவிட்டது. இன்று அதைச் சொல்லும் யாருக்கும் தன் கண்ணைப் பணயம் வைக்கிறோம் என்ற நினைப்பு துளியும் இருக்காது.

நம் இலக்கணம் இந்தப் பழக்கத்துக்குப் பெயரே வைத்திருக்கிறது. சபையில் சொல்லக் கூடாததை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல், நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. ஆனால் 'கால் கழுவி வந்தான்' என்பது நிதானமாக யோசித்துச் சொல்லும் மறைப்பு. 'கிரைக்கி' அப்படியல்ல. முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது, பின்வாங்க முடியாது, மிச்சத்தை மாற்றியாக வேண்டும். பெரிய வசவு ஒன்றை ஆரம்பித்து, பக்கத்தில் அத்தை நிற்பதைப் பார்த்ததும் 'ங்கொய்யால' என்று முடிப்பவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, மகன் பென்னட் யார்? அவரை ஏன் எல்லாரும் கைகாட்டுகிறார்கள்?

ஜேம்ஸ் கோர்டன் பென்னட் ஜூனியர். 1841-இல் பிறந்தவர், 1918-இல் பிரான்சில் இறந்தவர். அப்பா நடத்திய 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை இவர் கைக்கு வந்தது. செய்தி நடக்கும்வரை காத்திருக்காமல் செய்தியை நடக்கவைத்தவர் என்று இவரைச் சொல்லலாம். ஆப்பிரிக்காவில் தகவல் இல்லாமல் போன ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடி என்று 1869-இல் தன் நிருபர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியை அனுப்பினார். இன்றைய தான்சானியாவில் இருக்கும் உஜிஜியில் 1871-இல் ஸ்டான்லி அவரைச் சந்தித்தார். உலகமே அதைப் படித்தது. எல்லாம் அப்படிச் சுபமாக முடியவில்லை. வடதுருவத்துக்கு இவர் பண உதவியில் 1879-இல் புறப்பட்ட 'ஜானெட்' கப்பல் பனியில் சிக்கி நசுங்கியது. போன 33 பேரில் 20 பேர் திரும்பவில்லை. கப்பலின் பெயர் அவருடைய தங்கை பெயர்.

விளையாட்டுப் பைத்தியம் வேறு. 1866-இல், 25 வயதில், அட்லாண்டிக்கைக் கடக்கும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் தன் 'ஹென்ரியட்டா' படகில் தானே ஏறினார். டிசம்பர் மாதக் கடல்! படகு கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்துக் கரையைத் தொட்டு ஜெயித்தது. அமெரிக்காவுக்குப் போலோ ஆட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் இவர்தான். பிற்காலத்தில் கட்டிய உல்லாசக் கப்பலில், காலையில் புதுப்பால் வேண்டும் என்பதற்காகப் பசுமாட்டுக்குத் தனித் தொழுவம் வைத்திருந்தார்.

இனி எல்லாரும் காத்திருக்கும் கதை. 1877 புத்தாண்டு தினம். கரோலைன் மே என்ற பெண்ணுடன் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டு விருந்துக்கு முழு போதையில் போன மாப்பிள்ளை, விருந்தினர் கண்முன்னே கணப்பு அடுப்பில் சிறுநீர் கழித்தார். அடுப்பு இல்லை, பியானோ என்பாரும் உண்டு. மே குடும்பத்தின் நாற்காலி மேசைகளில் எது நனைந்தது என்று இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை! சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அண்ணன் இவரைத் தெருவில் வைத்துச் சவுக்கால் அடித்தார். சில நாளில் இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பின் பென்னட் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பாரிஸில் கழித்தார். நியூயார்க் பத்திரிகையைத் தந்தி வழியாகவே விரட்டி விரட்டி நடத்தினார்.

இப்படி ஒருவர் இருந்தால், 'இந்த ஆள் அடித்த கூத்தைக் கேட்டு வாய்பிளந்த சனம் அவர் பெயரையே வியப்புச் சொல்லாக்கிவிட்டது' என்று கதை கட்டுவது எவ்வளவு சுலபம்!

அவர் அமெரிக்கர். கூத்து நடந்தது நியூயார்க்கில். இங்கிலாந்துக்காரர் வாயில் அவர் பெயர் எப்படி வரும்?

சரியான கேள்வி. மேலே சொன்ன சிறுநீர்க் கதையின் ஓட்டையும் இதுதான். அந்த அவமானத்தை அனுபவித்தது நியூயார்க் சமூகம். அங்கே இந்த வியப்புச் சொல் வழக்கிலேயே இல்லை, இது பிரிட்டனின் சொத்து.

இங்கிலாந்துக்கு அவர் பெயர் வேறு வாசல் வழியாக வந்தது: கார் பந்தயம். 1900 முதல் 1905 வரை அவர் கொடுத்த கோப்பைக்காக நாடுகளுக்கு இடையே பந்தயம் நடந்தது. மக்கள் 'கோப்பைப் பந்தயம்' என்று கூடச் சொல்லவில்லை, 'கோர்டன் பென்னட்' என்றால் பந்தயம் என்றே பொருள். வென்ற நாடு அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும் என்பது விதி. 1902-இல் பிரிட்டனின் செல்வின் எட்ஜ் நேப்பியர் காரில் ஜெயித்துவிட்டார். அப்புறம்தான் சிக்கல். அந்த நாட்டுச் சாலையில் மணிக்கு 14 மைலுக்கு மேல் போவதே குற்றம். பந்தயம் எப்படி ஓட்டுவது? நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் சாலைகளை அடைத்து, 1903 ஜூலை 2 அன்று கில்டேர் வட்டாரத்தில் ஆதி ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். மெர்சிடிஸ் காரில் வந்த பெல்ஜியக்காரர் கமில் ஜெனாட்ஸி ஜெயித்தார். பிரிட்டிஷ் பந்தயக் கார்களுக்கு அடையாளமாகிவிட்ட அந்தக் கரும்பச்சை நிறம், இந்தப் பந்தயத்தில் அயர்லாந்துக்கு மரியாதையாகப் பச்சை பூசியதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

ஆக, 1903 வாக்கில் பத்திரிகை வாங்கும் எந்த லண்டன்காரருக்கும் 'கோர்டன் பென்னட்' காதில் விழுந்து பழகிய பெயர். 1906-இல் பாரிஸில் அவர் பெயரிலேயே பலூன் பந்தயமும் தொடங்கியது. முதல் ஆண்டே அமெரிக்கர் ஃப்ராங்க் லாம் பாரிஸில் ஏறி, ஆங்கிலக் கால்வாய்க் கடலைத் தாண்டி, இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் வந்து இறங்கினார். வானத்திலிருந்து இறங்கும் கூடையைப் பார்த்த யாராவது 'கோர்டன் பென்னட்!' என்று கத்தியிருந்தால், அதுவே வியப்பாகவும் தகவலாகவும் இருந்திருக்கும்.

அப்பா பென்னட் இருக்க வாய்ப்பில்லையா?

இல்லை என்றே சொல்வேன். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா போய் 1835-இல் ஹெரால்டைத் தொடங்கியவர் அவர், 1872-இல் இறந்துவிட்டார். பெரிய பத்திரிகையாளர்தான், ஆனால் இங்கிலாந்துத் தெருவில் அவர் பெயரை முணுமுணுக்க ஒரு காரணமும் இல்லை. மகன் பெயரைத் தேடுபவர்கள் வழியில் இவர்மேல் இடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியத் தளபதி கதை?

ஹென்றி கோர்டன் பென்னட், மலாயாவில் ஆஸ்திரேலியாவின் 8-வது டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அவருடைய வீரர்கள் கைதிகளாக முகாமுக்குப் போனார்கள். அவரோ அன்றிரவே படகேறித் தப்பி, மார்ச் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஜப்பானியரோடு எப்படிச் சண்டை போடுவது என்ற அனுபவத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே வந்தேன் என்றார். போர் முடிந்தபின் 1945-இல் நடந்த விசாரணை, படையை விட்டுவிட்டு வந்தது நியாயமல்ல என்று முடிவு சொன்னது. அதேசமயம் அவருடன் போரிட்ட வீரர்களில் பலர் அவருக்காகவே பரிந்து பேசினார்கள்.

சிங்கப்பூரில் தாத்தா பாட்டி 'ஜப்பான்காரன் காலம்' என்று ஆரம்பித்துச் சொல்லும் கதைகளின் முதல் நாள் இது. கைவிடப்பட்ட சிப்பாய்கள் தளபதியின் பெயரை வசவாக்கியிருப்பார்கள் என்ற ஊகம் மனசுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் தேதி ஒத்துவரவில்லை. காரணம் அடுத்த பதிலில்.

அச்சில் இந்தச் சொல் எப்போது முதலில் வருகிறது?

சொல் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் வெகுகாலம் இருந்தவை 1960களின் எடுத்துக்காட்டுகள்தான். பிறகு தேடலில் 1937 சிக்கியது. லண்டன் அடிமட்ட வாழ்க்கையை எழுதிய ஜேம்ஸ் கர்ட்டிஸின் நாவலில் ஒருவன் சோம்பல் முறித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே 'கோர்டன் பென்னட்' என்று அலுத்துக்கொள்கிறான். விளக்கம் எதுவும் இல்லாமல் போகிற போக்கில் வருகிறது. அப்படியென்றால் அப்போதே வாசகருக்குப் பழகிய பேச்சாக இருந்திருக்க வேண்டும்.

இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. சிங்கப்பூர் விழுவதற்கு 5 ஆண்டு முன்பே சொல் இருந்ததால் தளபதி கட்சி அங்கேயே கலைகிறது. மகன் கட்சிக்கும் அது இடைஞ்சல்தான். கூத்து 1877, பந்தயம் 1903, அச்சு 1937. கணப்பு அடுப்பைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் 60 ஆண்டு கழித்துத்தான் வாயை மூடினார்களா?

பேச்சுவழக்கு அச்சுக்கு வரத் தாமதமாகும் என்பது உண்மை. தெருப்பேச்சை அப்படியே அச்சிடும் துணிச்சல் பத்திரிகைகளுக்கு அன்று குறைவு. அதற்காக எத்தனை ஆண்டு தள்ளுபடி கொடுப்பது என்பதில்தான் சண்டை.

கடைசியில் உங்கள் தீர்ப்பு என்ன?

காதை நம்புங்கள். லண்டன் கிழக்குப் பகுதியில் 'காட்' என்பதை 'கோ...ட்' என்று இழுத்துச் சொல்வார்கள். முதல் பதிலில் சொன்ன அந்த இழுப்பு இதுதான். 'கோ...ட்' வரை வாய் போய்விட்டது. எதிரே பாதிரியாரோ மாமியாரோ நிற்கிறார். அதே ஒலியில் தொடங்கி எங்கேயாவது போய் விழ வேண்டும். 'கோ...டன்' தயாராக இருக்கிறது.

சரி, ஏன் பென்னட்? கோர்டன் என்ற முன்பெயருக்குப் பின்னால் ஊரே அறிந்து ஒட்டிக்கொண்டிருந்த பெயர் அதுதான், உபயம் கார் பந்தயமும் செய்தித்தாளும். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பழைய சொல் 'கோர்ப்ளைமி'. முதலில் கோர், அடுத்து உதடு ஒட்டிப் பிரியும் பகரம். புதிய சொல்லிலும் கோர், அதே பகரம். 'கோர்ப்...' வரைக்கும் போனவர்கூட 'பென்னட்' என்று தப்பிக்கலாம். இரண்டு பெயருமே முதல் அசையில் அழுத்தி இரண்டாவதில் தளர்பவை, கோபத்தில் மேசையை இரண்டு தட்டுத் தட்ட வசதியான தாளம்.

ஆகவே மகன் பென்னட் இந்தச் சொல்லுக்குக் கொடுத்தது தன் பெயரின் ஒலியையும் அதன் பழக்கத்தையும் மட்டும். வாழ்க்கையை அல்ல. அவர் ஞாயிறுதோறும் தேவாலயம் போன சாதுவாக இருந்து, ஆனால் அதே கோப்பையை வழங்கியிருந்தாலும் இந்தச் சொல் பிறந்திருக்கும். கடிதம் எழுதி வைத்ததுபோல் ஆதாரம் இதற்கும் கிடையாது. ஒலி, காலம், ஊர் மூன்றும் ஒத்துப்போகும் ஒரே விளக்கம் இது என்பதுதான் என் பலம்.

உண்மையான மனிதர் பெயர் இப்படி மாட்டிக்கொண்ட வேறு உதாரணம் உண்டா?

இருக்கிறது, ஆனால் சோகமானது. 1867-இல் ஹாம்ப்ஷரில் ஆல்டன் என்ற ஊரில் ஃபேனி ஆடம்ஸ் என்ற 8 வயதுச் சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். அடுத்த சில ஆண்டுகளில் கடற்படையில் டப்பாவில் அடைத்த ஆட்டிறைச்சி கொடுக்கத் தொடங்கினார்கள். பிடிக்காத மாலுமிகள் அந்த இறைச்சிக்குக் குரூர நகைச்சுவையாக அவள் பெயரை வைத்தார்கள். அங்கிருந்து 'மதிப்பே இல்லாதது' என்று பொருள் விரிந்து, பின்னால் 'ஒன்றுமே இல்லை' என்று நிலைத்தது. அந்தக் கடைசித் திருப்பத்துக்குக் காரணம் அவள் பெயரின் முதல் எழுத்துகள். 'ஒன்றுமில்லை' என்பதற்கான ஓர் ஆபாசத் தொடரும் அதே எஃப், ஏ. இங்கே ஆளும் உண்மை, கதையும் உண்மை, ஆனாலும் சொல்லைப் பிழைக்கவைத்தது எழுத்துப் பொருத்தம். கோர்டன் பென்னட் விஷயத்தில் நான் ஒலியின் பக்கம் சாய இந்தச் சிறுமியின் கதையும் ஒரு காரணம்.

'கிரேட் ஸ்காட்' என்ற இன்னொரு வியப்புச் சொல்லுக்கும் இதே வழக்கு நடக்கிறது. அமெரிக்கப் படைத்தலைவர் வின்ஃபீல்டு ஸ்காட்டா, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டா என்று. 'கிரேட் காட்' என்று ஆரம்பித்தவர் ஸ்காட்டில் போய் ஒதுங்கினார் என்றால் யார் ஸ்காட்டாக இருந்தால் என்ன?

இப்போதும் சொல்கிறார்களா? நான் சொன்னால் யாராவது கோபிப்பார்களா?

கோபிக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் இதை நாடு முழுக்கப் பரப்பின. அதனால் இன்று அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் வாசனை இதில் தூக்கலாக இருக்கிறது. 20 வயது இளைஞர் சொன்னால் தாத்தாவைக் கிண்டல் செய்வதுபோல் கேட்கும். அலுவலகத்தில், குழந்தைகள் முன்னால், தேவாலய வாசலில் எங்கும் சொல்லலாம், அதற்காகத்தானே செய்த சொல். துக்க வீட்டில் மட்டும் வேண்டாம், சலிப்புத் தொனி தப்பாகப் போய்விடும்.

அவசரத்துக்கு 'ஐயோ' என்றே சொன்னாலும் பாதகமில்லை. 2016-இல் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

மகன் பென்னட்டின் பெயர் வேறெங்காவது மிஞ்சியிருக்கிறதா?

பலூன் கோப்பை இன்னும் நடக்கிறது. 1891-இல் கண்டுபிடித்த 305-ஆம் எண் சிறுகோளுக்கு 'கோர்டோனியா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பாரிஸில் ரோலான் காரோஸ் டென்னிஸ் அரங்கத்தை ஒட்டி 'அவென்யூ கோர்டன் பென்னட்' என்ற சாலை ஓடுகிறது. பிரெஞ்சு ஓபன் பார்க்க வந்து டிக்கெட் விலையைக் கேட்ட லண்டன்காரர், தலை நிமிர்ந்தால் பெயர்ப்பலகையைப் பார்த்தே படிக்கலாம்.